கல்லுக்கு இந்தப் பக்கம்

ஐப்பசி 17, திங்கள்

மூத்த பேரன் கார்த்தீசன் மஸ்கட்டில் எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி இன்ஜினியர். அவன் கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு குழாயைத் திறக்க முடியாதாம். அடுத்தவள் வாணிஸ்ரீ ஓசூரில் பேங்க் ஆபீசர், முதல் தடவையிலேயே பரீட்சை பாஸ். தினகரன் எஸ்.ஐ. செலக்ஷனில் கயிறு ஏறுவதில் ஜில்லாவிலேயே முதலாவதாக வந்து இப்போது டிரெயினிங்கில் இருக்கிறான். கடைக்குட்டி இந்துஜா சைக்கிள் பந்தயத்தில் மாநில அளவில் இரண்டாவது. முதலாவதாக வந்தவளுடைய சைக்கிள் வெளிநாட்டுச் சைக்கிள் என்று கேள்வி, அதனால் நான் இந்துஜாவைத்தான் முதல் என்று வைத்திருக்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. என் வயிற்று வழி வந்ததுகள் இப்படி. யார் கேட்டாலும் இதே வரிசையில் சொல்வேன்.

இந்த நோட்டு இந்துஜா கொடுத்தது. மதுரையில் இருந்து நேற்று சைக்கிளோடு வந்து இறங்கினாள். "அப்பத்தா, நான் காலையில கிளம்புற நேரம், திரும்பி வர்ற நேரம், ரெண்டையும் இதுல எழுதி வை, போதும்" என்றாள். ரெண்டே எண்ணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய நோட்டு? மிச்ச இடத்தை வீணாக்க மனமில்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அறுபது பேர் தழைபோட்டான் மெட்டுக்குச் சைக்கிளில் ஏறுகிறார்கள். மலையைத் தாண்டுகிற அந்த மெட்டு எங்கள் மாடியில் நின்றாலே தெரியும். உச்சியில் எல்லைக் கல் இருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கேரளா. மெட்டைக் கடப்பவர்கள் ஒரு கொத்துப் பச்சைத் தழையை ஒடித்துக் கல்லடியில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், பேரே அதனால் வந்ததுதான். தார் ரோடு வரும் முன்னே கழுதைகள் அரிசியும் உப்பும் ஏற்றிப்போய் ஏலக்காய் இறக்கிவந்த பாதை ஒன்று உண்டு. பதினொரு வயதில் இருந்து நானும் அதில் ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். திங்கள் விடிய ஏறினால் சனிக்கிழமை இறக்கம். இவர்கள் பதினான்கு வளைவும் சைக்கிளில் ஏறி, அந்தப் பழைய பாதையில் நடந்து இறங்குவார்களாம். எங்களுக்கு ஏறினால் கூலி உண்டு. இவர்களுக்கு ஒரு தகரப் பதக்கம்.

கிளம்பியது 5.10. வந்தது 8.40.

ஐப்பசி 18, செவ்வாய்

கிளம்பியது 5.05. வந்தது 8.31.

நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது இந்துஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீவிவிட்டுக்கொண்டே பேசினாள்.

"காலைச் சாப்பாடு மேல மெட்டுலதான் அப்பத்தா. அந்தப் பக்கம் ரெண்டு கிலோமீட்டர் இறங்குனா ஒரு மெஸ் இருக்கு. பேச்சி மெஸ். அவங்களே ஜீப்புல கொண்டுவந்து கல்லுகிட்ட வச்சுப் பரிமாறுவாங்க. பேசியாச்சு."

எந்த மெஸ் என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"என்ன அப்பத்தா?"

"என்னத்த என்ன? சாப்பாடு எப்படி இருக்குமோன்னு நினைச்சேன்."

"நல்லா இருக்கும்னுதான் சொல்றாங்க."

"யாருடி சொல்றா? அங்கிட்டுத் தண்ணியே வேற. மலை ஏறி வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சாப்பாடு ஆகாது. வயித்தைக் கலக்கிப் பாதி வழியில உக்கார வச்சிரும், பாத்துக்க."

அவள் அப்படியே எழுந்து போய்விட்டாள். அப்புறம் பார்த்தால் காம்பையெல்லாம் சட்டியில் போட்டு இலையைக் குப்பை முறத்தில் போட்டிருக்கிறேன். மருமகள் மலர்க்கொடிதான் பார்த்து எடுத்தாள்.

ஐப்பசி 19, புதன்

கிளம்பியது 5.05. வந்தது 8.22. மருமகளிடம் என் வாடாமல்லிக் கலர் சேலை எங்கே என்று கேட்டேன். எதற்கு என்றாள். சும்மா என்றேன்.

ஐப்பசி 20, வியாழன்

கிளம்பியது 5.00. வந்தது 8.10.

வந்ததும் வராததுமாக இந்துஜா சொன்னாள். "அப்பத்தா, அந்த மெஸ்ஸை வேண்டாம்னு சொல்லியாச்சு. கீழ பஸ் ஸ்டாண்ட் ஹோட்டல்ல இருந்து வேன்ல இட்லி ஏத்திட்டுப் போறோம். நீ சொன்னதை நவாஸ் அண்ணன்கிட்ட சொன்னேன். பெரியவங்க சொன்னா சரியா இருக்கும்னு சொல்லிட்டாரு."

நவாஸ் என்பவர் அந்தச் சைக்கிள் சங்கத்துக்குக் கேப்டன். என் வார்த்தையைக் கேட்கிற ஆண்பிள்ளையை இந்த வயதில்தான் பார்க்கிறேன். அதுவும் இந்த ஒரு விஷயத்திலா?

எழுதக் கூடாது என்றிருந்தேன். நோட்டு என் பெட்டியில்தான் இருக்கப்போகிறது, எழுதுகிறேன். பேச்சி என் மகள். இரண்டு பையன்களுக்கு அப்புறம் பிறந்தவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கச்சன் என்கிற ஜீப் டிரைவரோடு மெட்டைத் தாண்டிப் போய்விட்டாள். சேதி தெரிந்த உடனே நான் பழைய பாதையில் ஏறினேன். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் தழை ஒடித்துக் கல்லில் அடித்துச் சொன்னேன். "இந்தக் கல்லைத் தாண்டி நான் ஒரு எட்டு வைக்க மாட்டேன். நீ இதைத் தாண்டி ஒரு எட்டு இறங்கக் கூடாது."

அந்தக் கல்லடியில் தழையோடு சொன்ன சொல்லை நினைத்த நேரத்தில் விட்டுவிட முடியாது. சொன்னவரும் கேட்டவரும் அதே இடத்தில் மறுபடி எதிரெதிரே நின்று, புதுத் தழை போட்டு, "இறக்கிவிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருத்தர் மட்டும் போனால் செல்லாது. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டால்தானே இரண்டு பேரும் போவது? யார் கூப்பிடுவது?

அந்த மெஸ் சாப்பாடு என்றால் அவளே கொண்டுவந்து நிற்பாள். நான் பேத்தி சைக்கிள் விடுவதைப் பார்க்கப் போய் நிற்பேன். யாரும் யாரையும் கூப்பிட்டதாக ஆகாது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் அமையவில்லை. அமைந்ததை வாயைக் கொடுத்து நானே கெடுத்தேன்.

ஐப்பசி 22, சனி

கிளம்பியது 5.00. வந்தது 8.04.

பஸ் ஸ்டாண்ட் ஹோட்டலில் இருந்து எட்டு இட்லி வாங்கிவரச் சொன்னேன். இந்துஜாவை முன்னால் உட்கார வைத்து ஒன்றைப் பிட்டுக் காட்டினேன்.

"சோடா உப்பு அள்ளிப் போட்டிருக்கான். இங்க பாரு, பந்து மாதிரி. இது மேல போய்ச் சேருறதுக்குள்ள கல்லாப் போயிரும்."

அவள் ஒரு வாய் எடுத்தாள். அப்புறம் இன்னொரு வாய். அப்படியே நாலு இட்லி உள்ளே போனது. "சூப்பரா இருக்கு அப்பத்தா. நீ சொன்னது நல்லதாப் போச்சு. மேல இருந்து வாங்கியிருந்தா இது கிடைச்சிருக்காது."

மிச்ச நாலை மருமகள் தின்றாள். அவளும் நன்றாக இருக்கிறது என்றாள். நான் கேட்டேனா?

காலேஜில் இத்தனை வருஷம் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்களோ. ஒரு குறிப்புச் சொன்னால் புரிவதில்லை.

ஐப்பசி 24, திங்கள்

நேற்று பகல் முழுக்க அடைமழை. இன்று மழை விட்டு வெறித்திருந்தது. ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு 9.20 பஸ்ஸில் மெட்டுக்கு ஏறினேன். வேறு ஒன்றும் இல்லை, கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஒன்பதாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. மேட்டில் இருந்து மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. இறங்கிப் போய் நின்று பார்த்தேன். இரண்டு மணி நேரம் நின்றேன்.

"ஏம்மா, நீங்க முறைச்சுப் பாத்தா மண்ணு தானா எந்திரிச்சுப் போயிருமா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் எல்லாம் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்கள். அவர்களுக்கே அவசரம் இல்லை.

அதே பஸ் திரும்பி இறங்கியது. வீட்டில் மலர்க்கொடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தை, ரேஷன் கடைக்குப் போனீங்க, அட்டை இங்கயே கிடக்கு?"

"மறந்துட்டேன்."

"சேலையெல்லாம் செம்மண்ணு?"

"கடையில கூட்டம்."

"இந்த மாசத்துல இருந்து செம்மண்ணும் போடுறாங்களா?"

காலைக் கழுவப் போய்விட்டேன். மருமகளிடம் தோற்றுப்போகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசி 26, புதன்

முப்பதாம் தேதி இல்லையாம். மண் அள்ள ஒரு வாரம் ஆகும். கார்த்திகை ஏழுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். இந்துஜா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டேன், ஆனால் இறங்கவில்லை.

சாப்பிடும்போது மூத்தவன் பரமசிவத்திடம் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னேன். "அன்னைக்கு நானும் மேல வர்றேன்டா. பிள்ளை சைக்கிள் விடுறதைப் பாக்கணும்."

"வேண்டாம் ஆத்தா. உனக்கு முழங்கால் வலி."

"நான் என்ன சைக்கிளா மிதிக்கப் போறேன்? பின்னால வர்ற ஜீப்புல உக்காந்து வர்றேன்."

"ஜீப்பு டாக்டருக்கு. இடமில்ல."

"டாக்டர் எத்தனை பேருடா? ஜீப்பு நிறையவா வர்றாங்க?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் தலையைத் தூக்காமல் சொன்னான். "உன் சத்தியத்தைக் காப்பாத்திக்கிட்டு ஒருத்தி இருபத்திரண்டு வருசமா அங்க உக்காந்திருக்கா. நீ அதே கல்லுகிட்ட நின்னு சைக்கிள் வேடிக்கை பாக்கப் போறியா?"

மருமகள் தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மாதம் ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காய் இந்த வீட்டுக்கு வருகிறது. கடைச் சரக்கு இல்லை என்பது பிரிக்கும்போதே மூக்குக்குத் தெரியும். ஏலக்காயோடு வளர்ந்தவள் நான். பரமசிவம் மாதம் ஒருதரம் எங்கே போய்வருகிறான் என்று நான் கேட்டதில்லை. டீயைக் குடித்துக்கொள்வேன். அவனும் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் இவ்வளவு பேசினான்.

இவன் அப்பா செத்தபோது அவள் மெட்டுக்கு வந்து கல்லுக்கு அந்தப் பக்கம் மூன்று நாள் நின்றாளாம். கருமாதி முடிந்தபிறகுதான் எனக்குச் சொன்னார்கள். கீழே இறங்கி வந்திருந்தால் நான் என்ன வெட்டியா போட்டிருப்பேன்? சொன்ன சொல்லை இப்படியா ஒருத்தி பிடித்துக்கொள்வாள்? பிடிவாதம். யாரைக் கொண்டு வந்ததோ.

ஐப்பசி 28, வெள்ளி

மழை. இந்துஜா சைக்கிளை வீட்டுக்குள்ளேயே ஒரு தாங்கியில் மாட்டி மிதிக்கிறாள். ஒன்றரை மணி நேரம் மிதித்தும் அடுப்படியைத் தாண்டவில்லை. எனக்கும் அதே கதைதான்.

கார்த்திகை 2, செவ்வாய்

மண்ணை அள்ளிவிட்டார்கள். இப்போது வேறு தொல்லை. மாலை போட்டவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், இனி தை வரைக்கும் ரோடு முழுக்க ஐயப்பன்மார் வண்டிதான். காலை ஒன்பதுக்குள் மெட்டைக் காலி பண்ண வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டதாம். சாமியைக் குறை சொல்லக் கூடாது. சொல்லவில்லை.

கிளம்பியது 4.50. வந்தது 7.45.

கார்த்திகை 5, வெள்ளி

இந்துஜாவோடு சண்டை.

"அந்த மெஸ்லயே சொல்லியிருந்தா பக்கமாப் போயிருக்கும். வேனு, அது இதுன்னு இழுத்து வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டேன். பொறுக்க முடியவில்லை.

அவள் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை டப்பென்று வைத்தாள். "அப்பத்தா, நீதான் வேண்டாம்னு சொன்ன. நான் எதுக்கு அந்த மெஸ்ஸை நவாஸ் அண்ணன்கிட்ட சொன்னேன்னு நினைக்கிற? மதுரையில இருந்து வர்றவங்களுக்கு அந்த மெஸ் எப்படித் தெரியும்? உன் மூஞ்சியைப் பாத்தேன். நீ அத்தையைப் பாக்க விரும்பலைன்னு நினைச்சுத்தான் மாத்தினேன். இப்ப வந்து இழுத்து வச்சிருக்கேன்னு சொல்ற."

அத்தை என்று சொன்னாள். பழகிய வாய் மாதிரி வந்தது. இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் அங்கே போய்வந்திருக்கிறார்கள்.

"வேன்ல இடம் இருக்கா?" என்றேன்.

"எந்த வேன்ல?"

"இட்லி போற வேன்ல."

பாட்டிலை மறுபடி கையில் எடுத்தாள். "இட்லி அண்டா பக்கத்துல ஒரு சீட்டு இருக்கு. ஆனா அங்க அத்தை இருக்க மாட்டாங்க, அப்பத்தா."

"நான் உன் சைக்கிளைப் பாக்கத்தான் வர்றேன்" என்றேன்.

கார்த்திகை 7, ஞாயிறு

கை வலிக்கிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

வேன் ஐந்தரைக்குக் கிளம்பியது. முன்னூறு இட்லி, இரண்டு சாம்பார் அண்டா, நான். பதினோராவது வளைவில் ஒரு பஸ் அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. சைக்கிள்கள் ஓரமாக நுழைந்து போய்விட்டன. வேன் போகாது. டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ரெண்டு மணி நேரம் ஆகும் என்றார். மணி அப்போது ஆறே முக்கால்.

ரோட்டுக்குப் பக்கத்திலேயே பழைய பாதை குறுக்கே ஏறுவது எனக்குத் தெரியும். இறங்கினேன்.

"ஆத்தா, எங்க போறீங்க?"

"மேல."

"மேலன்னா?"

"மேலன்னா மேலதான். இட்லியைப் பாத்துக்க."

பாதை முழுக்கப் புல் மூடியிருந்தது. ஆனால் புல்லை விலக்கினால் கல் கல்லாகத்தான் இருக்கிறது. கழுதைக் குளம்பு பட்டுப் பட்டுக் குழிந்த கல். கால் வைக்கிற இடம் எனக்கு மறந்துபோயிருந்தது, காலுக்கு மறக்கவில்லை. முழங்கால் மட்டும் ஒவ்வொரு எட்டுக்கும் என் பேரைச் சொல்லித் திட்டியது. நாங்கள் அந்தக் காலத்தில் சுமையோடு முக்கால் மணியில் ஏறுகிற துண்டு அது. இன்று ஒன்றேகால் மணி ஆனது. நாலு அட்டை கடித்தது. வழியில் பழக்கதோஷத்தில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மேலே பனிமூட்டம். அறுபது பேரும் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இந்துஜா பெண்களில் முதலாவது, ஒரு மணி முப்பத்தொரு நிமிஷம். இது மாநில அளவு இல்லை என்றாலும் முதல் முதல்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "அப்பத்தா! நீ எப்படி? வேன் வந்துருச்சா?"

"வேன் வரலை. நான் வந்துட்டேன்."

கல் இருந்த இடத்திலேயே இருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் செக்போஸ்ட்டும் பனியும் தவிர யாரும் இல்லை. நான் இந்தப் பக்கமே நின்றேன்.

நவாஸ் போனை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தார். தாடி வைத்த நல்ல பிள்ளை. "எட்டு மணி ஆயிருச்சு. ஒன்பதுக்குள்ள எல்லாரையும் இங்க இருந்து கிளப்பணும். ரெண்டு பேரு மயக்கமா இருக்குன்னு படுத்துட்டாங்க. வெறும் வயித்தோட அந்தப் பாதையில நடக்க விட முடியாது" என்றார். பிறகு இந்துஜாவைப் பார்த்து, "அந்த மெஸ்ஸுக்குப் போன் போடலாம். ரெண்டு கிலோமீட்டர்தான். ஆனா..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தார். "பெரியம்மா, நீங்கதான் அங்க சாப்பாடு ஆகாதுன்னு சொன்னீங்களாம்ல?"

அறுபது பேரும் பார்த்தார்கள். அதில் பாதிப் பேருக்கு ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லை.

இந்துஜா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருக்கலாம். எனக்காக ஏதாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நின்றுகொண்டிருந்தாள்.

"போடுங்கய்யா" என்றேன். "நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவ சாப்பாடு நல்லாத்தான் இருக்கும். நான்தான் அவளுக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவ என் மக."

இந்துஜா போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துவிட்டாள், கழுதை. "அத்தை, அறுபது பேருக்கு ஏதாவது இருக்கா? மெட்டுல நிக்கிறோம். அப்பத்தாதான் உங்ககிட்ட கேக்கச் சொல்லுச்சு."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. அப்புறம் குரல் வந்தது. கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் அதே குரல். "சாமிமாருக்கு வச்ச புட்டும் கடலையும் இருக்கு. அரை மணி நேரத்துல வரும்."

வரும் என்றாள். வர்றேன் என்று சொல்லவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை. தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

ஜீப் வந்தது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஐயப்பன்மார் வண்டிகள் வரிசை கட்டியிருந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். ஓட்டிவந்தவள் ஒரு பெண்பிள்ளை, இருபது வயது இருக்கும். குதித்து இறங்கிப் பின்கதவைத் திறந்து ஒரு பெரிய அண்டாவை இழுத்தாள். வாட்டசாட்டமாகத்தான் இருக்கிறாள், ஆனாலும் தனியாகத் தூக்குகிற அண்டா இல்லை அது. ஒரு பக்கம் சாய்ந்து குழம்பு அலம்பியது.

"பாத்து! கொட்டிரும்!" என்று கத்தினேன்.

"அம்மாச்சி, அந்தக் காதைப் பிடிங்க!" என்றாள்.

பிடித்தேன். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தோம். திரும்பிப் போய்ப் புட்டுக் கூடையைத் தூக்கிவந்தோம். பிறகு இலைக்கட்டு. பிறகு ஆளுக்கொரு கரண்டி எடுத்து அறுபது பேருக்கும் பரிமாறினோம். அந்தப் பிள்ளைகள் தின்றதைப் பார்க்க வேண்டுமே. நவாஸ் மூன்று தடவை கடலை கேட்டார்.

கூட்டம் குறைந்தபிறகுதான் கேட்டேன். "உங்கம்மா வரலையா தாயி?"

அவள் இலையில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டே சொன்னாள். "ஜீப்புல ஏறிருச்சு அம்மாச்சி. தலையெல்லாம் சீவிட்டுத்தான் ஏறுச்சு. அப்புறம் இறங்கிருச்சு. 'கூப்பிட்டது சாப்பாட்டைத்தானே, என்னை இல்லையே'ன்னு சொல்லுச்சு."

பேச்சி சொன்னது உண்மைதானே?

போலீஸ்காரர் விசில் ஊதினார். அவள் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு, "போயிட்டு வர்றேன் அம்மாச்சி, நான் ஆன்சி" என்று ஜீப்பில் இருந்து கத்திச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இத்தனை நேரம் பக்கத்திலேயே இருந்தாள். நான் கடலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை ஒரு நிமிஷம் நின்று பார்க்கவில்லை.

தாமதமாக வந்துசேர்ந்த இட்லி வேனில் கீழே வர உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. செக்போஸ்ட் கல்லுக்கு அந்தப் பக்கம். அண்டாவுக்கு ஒருதரம், புட்டுக்கு ஒருதரம், இலைக்கு ஒருதரம். மூன்று தடவை தாண்டியிருக்கிறேன். தழை போடவில்லை. "இறக்கிவிட்டேன்" என்று சொல்லவில்லை. கேட்க வேண்டியவள் அங்கே இல்லை. தழை இடுப்பிலேயே வாடிக் கிடந்தது. இருபத்திரண்டு வருஷம் காத்த சொல், ஒரு கடலைக் குழம்புச் சட்டிக்கு முன்னால் இப்படிப் போய்விட்டது. யாருக்கும் தெரியவும் இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பெண்களில் முதலாவது இந்துஜா. 1 மணி 31 நிமிஷம். இதை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும் என்று சொன்னாள். எழுதிவிட்டேன்.

கார்த்திகை 8, திங்கள்

இன்லேண்டு லெட்டரில் அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது. அதனால் முதலில் இதில் எழுதிப் பார்க்கிறேன். பரமசிவம் கொடுத்துவிடுகிறேன் என்றான். வேண்டாம், தபாலில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

பேச்சிக்கு அம்மா எழுதுவது.

நான் சுகம். முழங்கால் மட்டும் நேற்றில் இருந்து மடக்க முடியவில்லை. அதை நீ பெரிதாக நினைக்க வேண்டாம்.

அறுபது பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டார்கள். புட்டு நன்றாக இருந்தது. கடலையில் நீ சோம்பை வறுக்காமல் போடுகிறாய். நான் அப்படிச் சொல்லித் தரவில்லை. வறுத்து, நுணுக்கிப் போட வேண்டும்.

கல்லைத் தாண்டிவிட்டேன். ஒருதரம் இல்லை, மூன்று தரம். அண்டா தூக்கத்தான் தாண்டினேன், அது வேறு விஷயம். ஆனால் தாண்டியது தாண்டியதுதான். நான் சொன்னதில் என் பாதி உடைந்துவிட்டது. உன் பாதியை மட்டும் நீ வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? ஒருத்தர் மட்டும் வைத்திருந்தால் செல்லாது.

சாப்பாட்டைத்தான் கூப்பிட்டேன், உன்னைக் கூப்பிடவில்லை என்று சொன்னாயாமே. ஆமாம். கூப்பிட எனக்கு வரவில்லை. நீ கோபிக்கும்படியாகத்தான் நடந்துகொண்டேன்.

ஆன்சி ஜீப்பை நன்றாக ஓட்டுகிறாள். வளைவில் ஹாரன் அடிக்கச் சொல். முகம் யார் ஜாடை என்று கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பனியாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை.

அதனால் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. போனில் அனுப்ப வேண்டாம், அது மற்றவர்கள் கையில்தான் இருக்கும், என் கைக்கு வராது. பழையது வேண்டாம். இந்த வாரம் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆன்சி இருக்கட்டும், அவள் அப்பாவும் இருக்கட்டும், நீ நடுவில் நிற்க வேண்டும், தலை சீவிக்கொண்டு. அங்கிருந்து தபால் இங்கே வர நாலைந்து நாள் ஆகிறதாம். பஸ் என்றால் ஒன்றரை மணி நேரந்தான். எது தோது என்று நீயே பார்த்துக்கொள். ஆனால் போட்டோ புதுசாக இருக்க வேண்டும்.